ஓட்டத்தோடு ஊர்வேலை: கேள்வி பதில்

ஓடிப்போய் நாலு பேருக்கு உதவியாக ஒரு வேலை செய்துவிட்டு ஓடித் திரும்புவது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு, இப்படி ஒரு குழுவை நடத்தும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் ஓட ஆரம்பித்து இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறேன். இதில் சேர்ந்தால் மட்டும் எப்படி நிலைக்கும்?

போகும் இடத்தில் ஒருவர் காத்திருப்பார், அதனால் நிலைக்கும். லண்டனில் ஐவோ கோர்ம்லி என்பவர், வெளியே நடமாட முடியாத ஒரு முதியவரின் வீட்டுக்கு ஓடிப்போய், செய்தித்தாளைக் கொடுத்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்புவார். அதிலிருந்துதான் 2009-இல் 'குட்ஜிம்' என்ற அமைப்பு பிறந்தது. அங்கே அந்த முதியவரைக் 'கோச்' என்று அழைக்கிறார்கள். நம்மை வீட்டிலிருந்து கிளப்பி ஓட வைப்பவர் அவர்தானே, அப்படியானால் பயிற்சியாளரும் அவர்தான். எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவே அதில் இல்லை. மழை வந்தால் நமக்காக ஓடும் ஓட்டத்தைத் தள்ளிப்போடுவோம். "செவ்வாய் சாயங்காலம் வருவாய் அல்லவா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அப்படித் தள்ளிப்போட மனம் வராது.

கேள்வி: எனக்கு 58 வயது. வேகமாக ஓட வராது, பாதித் தூரம் நடப்பேன். குழுவுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று தயக்கம்.

தயங்காமல் வாருங்கள், அம்மா. ஊர்வேலைக்குப் போகும் ஓட்டத்தில் கடைசி ஆளின் வேகம்தான் குழுவின் வேகம். முன்னே போனவர் திரும்பி வந்து பின்னால் வருபவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். ஓடும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் நடையாக மாற்றிக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் பூங்காக்களில் நடக்கும் 'பார்க்ரன்' என்ற 5 கிலோமீட்டர் ஓட்ட நிகழ்ச்சியில், யாருமே கடைசி ஆளாக உணரக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தன்னார்வலரை வைக்கிறார்கள். 2004-இல் 13 பேர் ஓடத் தொடங்கிய நிகழ்ச்சி அது.

கேள்வி: குழி வெட்டுவதும் பெட்டி தூக்குவதும் உடற்பயிற்சிக் கணக்கில் வருமா?

தாராளமாக வரும். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு வேண்டும். இதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும். ஓடுகிற பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். மண் அள்ளுவதும் மூட்டை சுமப்பதும் ஓட்டத்தில் அதிகம் வேலை பெறாத தோள், முதுகு, கைகளுக்கு வேலை தரும். குனிந்து தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுந்திருங்கள். ஓடி வந்த சூட்டோடு உடனே கனமானதைத் தூக்க வேண்டாம், ஐந்து நிமிடம் லேசான வேலை செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கலாம் என்றிருக்கிறோம். எதில் கவனம் வேண்டும்?

சுவீடனில் 2016 வாக்கில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் பரப்பிய 'பிளாகிங்' இதுதான். தடித்த கையுறை கட்டாயம். ஊசி, உடைந்த கண்ணாடி, என்னவென்று தெரியாத திரவம் உள்ள புட்டி ஆகியவற்றைக் கையால் தொடாதீர்கள், இடத்தைக் குறித்துத் துப்புரவுப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பை நிரம்ப நிரம்ப ஒரு பக்கம் இழுக்கும், அதனால் கை மாற்றிப் பிடியுங்கள். சேர்த்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். தெருமுனையில் விட்டுவந்தால் அது திரும்பவும் தெருவுக்குத்தான் போகும்.

கேள்வி: அண்ணா, தனியாக வாழும் ஒரு முதியவரை வாரம் ஒருமுறை ஓடிப்போய்ப் பார்க்க ஆசை. நேராகப் போய்க் கதவைத் தட்டலாமா?

வேண்டாம், தம்பி. முதியோருக்கான அமைப்பு ஒன்றின் வழியாகப் போ. அவர்கள் உன் பின்னணியை விசாரிப்பார்கள். அதைக் குறையாக நினைக்காதே. தனியாக இருப்பவர் ஓர் அந்நியருக்குக் கதவைத் திறக்கப் போகிறார், அவருக்கு அந்த நிம்மதி வேண்டும்.

அப்புறம் சில விஷயங்கள். நாளும் நேரமும் மாறக் கூடாது, அவர் அன்று காலையிலிருந்தே உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். பணம், வங்கி அட்டை, மருந்து எதிலும் கை வைக்காதே. சளி, காய்ச்சல் இருந்தால் போகாமல் தொலைபேசியில் பேசு. வியர்வையோடு போகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம், ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் போதும். போனதும் வீட்டை ஒழுங்குபடுத்த இறங்காதே. முதலில் உட்கார்ந்து கேள். பல நாள் அவருக்கு வேண்டியது பேச்சுத் துணை மட்டும்தான். பேச்சு வழக்கத்தைவிடக் குழறினால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. கீழே விழுந்த காயம் தெரிந்தால், நீயாக முடிவெடுக்காமல் அன்றே அமைப்புக்குச் சொல். அவசரம் என்று தெரிந்தால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

மூன்று மாதத்துக்கு உறுதியாக வர முடியுமா என்று யோசித்துவிட்டுத் தொடங்கு. நிறுத்த நேர்ந்தால் சில வாரம் முன்பே நேரில் சொல்லி, அடுத்து வருபவரை நீயே கூட்டிப்போய் அறிமுகப்படுத்து. சொல்லாமல் நின்றுபோவது போகாமலே இருந்ததைவிட அவரை அதிகம் வருத்தும்.

கேள்வி: பார்வையற்றவரோடு வழிகாட்டியாக ஓடப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைக்கும். அவரை இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. முதலில் நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, வேறொருவர் வழிகாட்ட நூறு மீட்டர் ஓடிப் பாருங்கள். மேடு, திருப்பம், எதிரே வரும் சைக்கிள் ஆகியவற்றை எத்தனை அடிக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது உடனே புரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் குழுவே இல்லை. எப்படித் தொடங்குவது?

நான்கு பேர் போதும். நூலகம், பள்ளி, முதியோர் இல்லம் என்று ஏதாவது ஓர் இடத்தில் போய், "ஒரு மணி நேரத்துக்கு நாலு ஜோடிக் கைகள் கிடைத்தால் என்ன வேலை கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். வேலையை அவர்களே சொல்லட்டும். நாமாக ஒன்றை முடிவு செய்துகொண்டு போனால் அவர்களுக்குத் தொல்லைதான் மிஞ்சும். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். முதல் நாள் கருவி எத்தனை இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் உண்டா, இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.