டிராக்டர் டிரெய்லர் ஹப்புக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் எது?

டிராக்டர் டிரெய்லரும் ஒரு மினி லாரியும் வைத்திருப்பதாகவும், மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் பிழைப்பும் அதேதான். வேலூர் பக்கம் கரும்பும் செங்கல்லும் ஏற்றுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் ஏரியும் கோடி போனது. ரோட்டின் மேல் முழங்கால் அளவு தண்ணீர். லோடு வண்டியைத் தினமும் அதில் இறக்கி ஏற்றினேன். கடையில் 'வாட்டர் புரூஃப்' என்று சொல்லிக் கொடுத்த நீலக் கிரீஸ் போட்டிருந்த தைரியம்தான். மழை விட்டு, பத்து நாள் நின்ற வண்டியை எடுத்தால் இடது சக்கரத்தில் கரகரவென்று சத்தம். பட்டறைக்கார அண்ணன் சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்: "இன்னா நைனா, உள்ள பால் கறந்து வெச்சிகீற?" கிரீஸ் முழுக்க வெள்ளை. பேரிங் கப்பில் ரோலர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலெல்லாம் கோடு கோடாகத் துரு.

குற்றம் கிரீஸ் மேல் பாதிதான். லோடோடு ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும், காற்று சுருங்கும், அச்சைச் சுற்றி அடைத்திருக்கும் சீல் வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். என் வண்டியில் ஆயில் சீலின் உதடு தேய்ந்து, அது உரசும் இடத்தில் அச்சிலும் பள்ளம் விழுந்திருந்தது. அந்த நிலையில் எந்த டின் வாங்கினாலும் வீண். ஆகவே முதல் செலவு புது சீல், அப்புறம் டஸ்ட் கேப். தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிஷம் நிறுத்திச் சூடு ஆறவிட முடிந்தால் இன்னும் நல்லது. லோடு அவசரத்தில் நானே எல்லா நாளும் செய்வதில்லை.

இனி கிரீஸ். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நீலமும் சிவப்பும் வெறும் சாயம். எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு எது என்பதுதான் கேள்வி. பழைய சோடியம் வகை தண்ணீரோடு கரைந்தே போகும். மலிவான கால்சியம் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கிரீஸ் தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் 80 டிகிரி தாண்டினால் பிரிய ஆரம்பிக்கும். பட்டைக்குச் சரி, ஹப்புக்கு ஆகாது. நம் ஊரில் எல்லோரும் கேட்டு வாங்கும் ஏ.பி.3 லித்தியம் வகை, சூடு தாங்கும், தண்ணீரில் சுமார். அதற்கு ஒரு படி மேலே லித்தியம் காம்ப்ளெக்ஸ். என் வண்டி மாதிரி அடிக்கடி நனைகிற ஹப்புக்கு கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ்: தண்ணீர் கலந்தாலும் இளகி ஓடாது, துருவையும் தடுக்கும், பாரமும் தாங்கும். விலை கூடுதல்தான். ஒரு பேரிங் செட்டும் ஒரு நாள் வாடகையும் போன பிறகு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கெட்டித்தன்மைக்கு டின்னில் என்.எல்.ஜி.ஐ எண் 2 அல்லது 3 பாருங்கள். கிரீஸின் தகவல் தாளில் 'வாட்டர் வாஷ்அவுட்' என்று ஒரு சதவீதம் இருக்கும். ஓடும் பேரிங் மேல் ஒரு மணி நேரம் வெந்நீர் பீச்சி, எவ்வளவு கிரீஸ் கழுவிப்போனது என்று பார்க்கிற சோதனை அது. எண் சிறியதாக இருந்தால் நல்லது. மினி லாரிக்கு டின்னில் 'ஜி.சி-எல்.பி' என்று இருந்தால் சக்கர பேரிங், சேசிஸ் இரண்டுக்கும் ஒரே டின் போதும்.

புதுசு போடும் முன் பழசை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ சுத்தமாகக் கழுவி, காயவிட்டு, பிறகு கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலர் இடுக்கு முழுக்க அப்புங்கள். இரண்டு வகைச் சோப்பு கலந்தால் சில சமயம் இளகித் தண்ணியாகிவிடும். ஹப் குழியை வாய்வரை திணிக்காதீர்கள், பாதிக்குள் போதும். அதிகமானால் சூடாகி சீலைத் தள்ளும்.

பட்டை விஷயம் வேறு. பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிள் பின் சுழலாது, கொஞ்சம் கொஞ்சமாக ஆடும், பாரம் மட்டும் அதிகம். அங்கே மாலிப்டினம் கலந்த கிரீஸ் நல்லது, பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ். ரப்பர் புஷ் இருந்தால் இது எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பின்னில் தண்ணீர் போகாமல் தடுக்க முடியாது, தள்ளத்தான் முடியும். தண்ணீரில் இறங்கிய நாள் சாயங்காலமே கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்துவிட்டு கிரீஸ் கன்னை அழுத்துங்கள். முதலில் சேறு கலந்து கருப்பாக வரும். புதுக் கிரீஸின் நிறம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தாதீர்கள்.