சைல்ட்கேர் ஃபீஸுக்கு அரசு உதவி

கேள்வி: மெல்பர்ன்ல இருக்கோம், பிஆர் (நிரந்தரமா தங்கற விசா) வந்தாச்சு. ரெண்டு வயசுப் பொண்ண சைல்ட்கேர்ல சேர்க்கணும், ஃபீஸ கேட்டாலே பயமா இருக்கு. உதவி கிடைக்குமா? நான் இன்னும் வேலைக்குப் போகல.

பதில்: பிஆர் இருக்கறதால சைல்ட் கேர் சப்சிடிக்கு அப்ளை பண்ணலாம் சகோதரி, மைகவ் (அரசோட ஆன்லைன் சேவைத் தளம்) அக்கவுன்ட்ட சென்டர்லிங்கோட (உதவித்தொகை குடுக்கற அரசு அமைப்பு) இணைச்சு க்ளைம் போடுங்க, தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ், ஏன்னா அதிகபட்சம் 28 நாள் பின்தேதியிட்டுதான் குடுப்பாங்க. சேர்த்ததும் என்ரோல்மென்ட்ட நீங்களே மைகவ்ல கன்ஃபர்ம் பண்ணணும், அத விட்டா பணம் வராது. தடுப்பூசி ஊர்ல போட்டிருந்தா ஜிபி (குடும்ப டாக்டர்) கிட்ட காட்டி இங்க இருக்கற தடுப்பூசி ரெஜிஸ்டர்ல ஏத்திடுங்க. வருமானத்த குறைச்சு சொல்லவே சொல்லாதீங்க, அப்புறம் டேக்ஸ் கணக்கோட ஒப்பிட்டு கூடுதலா வந்தத திருப்பிக் கேப்பாங்க, அதுக்காகத்தான் வழக்கமா சப்சிடில 5 சதவீதம் பிடிச்சு வெச்சுக்கறாங்க. வேலை இல்லியேன்னு தயங்காதீங்க, 2026 ஜனவரிலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு சப்சிடி உண்டு.