அன்னாவின் பக்கம் என்ன பலம் இருக்கிறது?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவி. மாதிரி நீதிமன்றப் போட்டியில் 1609-ஆம் ஆண்டின் யூலிஷ்-கிளீவ்ஸ் வாரிசு வழக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரை நாடுகள் அவை. பிரஷ்யாவின் அன்னா தரப்பில் நான் வாதாட வேண்டும். அவருடைய தாய்மாமன், கடைசி டியூக், பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். அன்னாவின் அம்மா அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். சித்தி உயிரோடு இருக்கிறார். அவருக்கு மகனும் உண்டு. என் கட்சிக்காரருக்கு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறதம்மா. ஆனால் "இறந்தவருக்கு நெருங்கிய உறவு யார்?" என்ற கேள்விக்குள் மட்டும் போய்விடாதீர்கள். 1609 மார்ச் 25 அன்று கடைசி டியூக் யோஹான் வில்ஹெல்ம் கண்மூடியபோது, உயிரோடிருந்த அக்காமார்களில் மூத்தவர் அன்னாவின் சித்திதான். "உன் அம்மாவுக்கே வந்து சேராத சொத்து உனக்கு எப்படி வரும்?" என்று சித்தி மகன், நாய்பர்க் என்ற ஜெர்மன் சிற்றரசின் வோல்ஃப்காங் வில்ஹெல்ம், கேட்பார். நியாயமான கேள்வி. இரத்த உறவை வைத்து அதற்குப் பதில் சொல்வது கடினம்.

உங்கள் பலம் திருமண ஒப்பந்தம். 1573-ல் அன்னாவின் தாய் மரி எலியோனோர் பிரஷ்ய டியூக்கை மணந்தார். சகோதரர்களின் வாரிசு அற்றுப்போனால் நாடுகள் அனைத்தும் பிரிக்கப்படாமல் அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சேரும் என்று அப்போது எழுதிக்கொண்டார்கள். மூத்தவருக்காகத் தங்கைகள் தங்கள் பாத்தியதையைப் பணத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். "அவருடைய வாரிசுகளுக்கும்" என்ற அந்தச் சொல்லை அழுத்திப் படித்துக் காட்டுங்கள். அன்னா மாமனின் சொத்தைக் கேட்டு வரவில்லை, தாயோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கிறார்.

அடுத்து, "இவை பேரரசர் கொடுத்த ஆண்வழி மானியங்கள், பெண்ணுக்குப் போகாது" என்பார்கள். இந்த நாடுகளுக்கு உரிமை கேட்ட இன்னொரு ஜெர்மன் அரசு சாக்சனி, அது 1483-லேயே புனித ரோமப் பேரரசரிடம் வாங்கிவைத்த வாக்குறுதியை நீட்டும். இதைக் கேட்டு அசர வேண்டாம். 1546-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வழங்கிய சாசனம், மகன்வழி அற்றுப்போனால் பெண்வழிக்கு இடம் கொடுக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த ஆதாரம் வேறு: இந்த நாடுகளில் யூலிஷும் பெர்கும் இந்தக் குடும்பத்துக்கு வந்ததே ஒரு பெண்ணால்தான். வாரிசாக இருந்த மரியா, 1510-ல் கிளீவ்ஸின் யோஹானை மணந்தார். இறந்துபோன டியூக்குக்கு அவர் அப்பாவைப் பெற்ற பாட்டி! பாட்டியிடமிருந்து வந்த நிலம் பேத்தி மரி எலியோனோருக்கு மட்டும் ஏன் இறங்கக் கூடாது?

"நான் ஆண், அன்னா பெண்" என்று வோல்ஃப்காங் சொன்னால், 1595-ல் பிறந்த அன்னாவின் மகன் கேயோர்க் வில்ஹெல்மைக் காட்டுங்கள்.

முன்தீர்ப்பு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1609 ஜூனில் டோர்ட்மண்டில் அன்னா தரப்பும் வோல்ஃப்காங் தரப்பும் நாடுகளைக் கூட்டாக அனுபவித்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். 1614-ல் சாண்டன் உடன்படிக்கையில் கிளீவ்ஸ், மார்க், ராவன்ஸ்பெர்க் ஆகிய நாடுகள் அன்னாவின் கணவர் ஆண்ட பிராண்டன்பர்க் பக்கமும், யூலிஷ், பெர்க் நாய்பர்க் பக்கமும் பிரிந்தன. 1666-ல்தான் அது நிலைத்தது. அனுபவ பாத்தியதையைப் பங்குபோட்டார்களே தவிர, உரிமை யாருக்கு என்று கடைசிவரை தீர்ப்பாகவில்லை. அதனால் உங்கள் கையைக் கட்டிப்போட எதுவும் இல்லை.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். புத்தகங்களில் எல்லாம் கணவர் யோஹான் சிகிஸ்மண்ட் பெயர்தான் முன்னால் நிற்கும். அவருக்குச் சொந்தமாக ஓர் உரிமையும் கிடையாது, மனைவி வழியாகத்தான் எல்லாம். மதத்திலும் இருவரும் ஒன்றாக இல்லை: 1613 கிறிஸ்துமஸில் அவர் கால்வின் மார்க்கம் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவுக்கு மாறினார். அன்னா லுத்தரன் என்ற இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவில்தான் இருந்தார். மனுவில் முதல் பெயராக அன்னாவையே போடுங்கள், அவருக்குக் கீழே மகனை. கணவரை மூன்றாவதாகச் சேர்த்தால் போதும்.