4.5 எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு வட்டத்தில் கட, தப என்னும் இரு நாண்கள் உள்ளே ம என்னும் புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. மக 4 செ.மீ., மட 6 செ.மீ., மத 3 செ.மீ. எனில் மப எவ்வளவு என்பது கணக்கு. அவள் 4.5 என்று எழுதினாள். சரியான விடை 8. தேற்றங்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்தும் இந்த நிலை. அவளுக்குக் கணக்கு வராதோ என்று அஞ்சுகிறேன். எந்தப் பயிற்சி நூலை வாங்கலாம்? இவற்றால் பிற்காலத்தில் பயன் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சி நூலை அவளுடைய ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயனைப் பற்றி அவளே கேட்கும்போது பேசலாம். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 4.5 என்னும் எண்ணைத்தான். அதே வயதில் அதே தவற்றைச் செய்தவன் நான். சில நாட்களாக அந்த வகுப்பறை நினைவிலேயே இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

4.5 குருட்டாம்போக்கில் வந்த எண் அன்று. கத, பட ஆகிய கோடுகள் இணையாக இருந்திருந்தால் அதுவே சரியான விடை. அப்போது மகத என்னும் முக்கோணத்தை ம-வைப் பற்றி அரைச்சுற்றுச் சுற்றினால் க, மட என்னும் கோட்டின் மேல் போய் அமரும்; 4-க்கு 6 என்றால் 3-க்கு 4.5. உங்கள் மகள் விகிதத்தைச் சரியாகவே போட்டிருக்கிறாள், ஆனால் இல்லாத இணைகோடுகளைக் கண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றிக் "கணக்கு வராதோ" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தச் சொல்லை அவள் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள்.

எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் நாட்காட்டித் தாளில் அந்த இரு முக்கோணங்களையும் வெட்டி என் கையில் கொடுத்து, "ஒன்றின் மேல் ஒன்றை வை" என்றார். எவ்வளவு சுற்றியும் பொருந்தவில்லை. சிறியதை அவர் திருப்பிப் போட்டார், அச்சடித்த பக்கம் மேலே வந்தது. உடனே க, மப-வின் நடுவிலும், த, மட-வின் நடுவிலும் சென்று அமர்ந்தன. தட என்னும் ஒரே வில்லின் மேல் நிற்பதால் க-விலுள்ள கோணமும் ப-விலுள்ள கோணமும் சமம்; ஆகவே க-வுக்கு இணை ப-தான், ட அன்று. மகத-வுக்கு வடிவொத்தது மபட என்று அந்த வரிசையில் எழுதினால் 4-க்கு 8, 3-க்கு 6 என்று விகிதம் தானே அமையும். மடப என்று எழுதினால் மீண்டும் 4.5 வரும். உங்கள் மகள் மனப்பாடம் செய்த தேற்றங்களில் இந்தத் திருப்பிப் போடுதல் இல்லை. அதைக் கை செய்து பார்க்க வேண்டும். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'மூலங்கள்' என்னும் தொகுப்பின் மூன்றாம் நூலில் இதே உண்மையை, அதாவது ஒரு நாணின் இரு துண்டுகளின் பெருக்கம் மற்ற நாணின் துண்டுகளின் பெருக்கத்துக்குச் சமம் (4 × 6 = 3 × 8) என்பதை, வடிவொத்த முக்கோணங்கள் இல்லாமல், பரப்புகளைக் கொண்டே நிறுவினார். வடிவொப்புமை அவரிடம் ஆறாம் நூலில்தான் வருகிறது. அந்த வழியும் அழகானதே, ஆனால் உங்கள் மகளுக்கு இப்போது கத்தரிக்கோல் போதும்.

தாள்களை வெட்டிப் பார்த்தபின் ம-வை வட்டத்துக்கு வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அங்கிருந்து வரையும் தொடுகோடு 6 செ.மீ., ஒரு வெட்டுக்கோடு வட்டத்தை முதலில் வெட்டும் க வரை 4 செ.மீ. எனில், கட என்னும் நாண் எவ்வளவு? அவள் 9 என்று எழுதி நிறுத்தினால் திட்டாதீர்கள். கேட்ட நீளம் எங்கே தொடங்குகிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.