கத்தி யார் கையில் இருந்தது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடலூர். புதுச்சேரியில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உடன் படிக்கும் ஆண்கள் ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் எல்லாம் தாங்களே செய்கிறார்கள். நான் தசையை விலக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தபடி நிற்கிறேன். கை சிறியது என்பதால் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் திசுவைத் தைக்கும் ஸ்டேப்லரை ஒரு கையால் அழுத்தவும் முடியவில்லை. பேசாமல் மகப்பேறு மருத்துவம் எடுத்திருக்கலாம் என்கிறார்கள். இந்தத் துறை எனக்குச் சரிப்படாதா?

பதில்: சரிப்படும். நள்ளிரவில் உதிரப்போக்கோடு வரும் கர்ப்பிணிக்கு சிசேரியன் செய்வதும் அறுவை சிகிச்சைதான். அதை இலகுவான துறை என்பவர்கள் அந்த அறையில் ஒருநாளும் நின்றதில்லை. அந்தப் பேச்சை விடுங்கள்.

முதலில், பங்கேற்ற அறுவைகளைக் குறித்து வைக்கும் லாக்புக்கை எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை ஹெர்னியாவில் உதவினீர்கள், எத்தனையை மேற்பார்வையில் நீங்களே செய்தீர்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். யார் செய்தார், யார் உதவினார் என்பது ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டிலும் இருக்கும். இந்தக் கணக்கோடு யூனிட் சீஃபைத் தனியாகப் பாருங்கள். "வாய்ப்பே தருவதில்லை" என்றால் அவர் மறுக்கத்தான் செய்வார். "சார், பதினெட்டில் நின்றேன், இரண்டுதான் என் கைக்கு வந்தது, அடுத்த மாதம் நான்கு வேண்டும்" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவரை பல சீஃப்களுக்குத் தாம் பாகுபாடு காட்டுவதே தெரிவதில்லை. பழகிய பையனிடம் கத்தியை நீட்டிவிடுகிறார்கள். தெரியாமல் நடந்தாலும் இழப்பு உங்களுக்குத்தான். இரண்டு மாதத்தில் மாற்றமில்லை என்றால் துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

அடுத்து, கை. என் கையும் சிறியதுதான், கையுறை அளவு ஆறு. ஸ்டேப்லர் கைப்பிடியைப் பெரிய கைக்கு ஏற்றபடி செய்திருக்கிறார்கள், குறை கருவியில். முனை அசையாமல் இரண்டு கையாலும் அழுத்துங்கள். மோட்டாரில் இயங்கும் ஸ்டேப்லர் இருந்தால் கேட்டு வாங்குங்கள். மற்றக் கருவிகளின் வளையத்தில் கட்டைவிரலை அடிவரை நுழைக்காதீர்கள். நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும். நுனி போதும்.

எல்லாவற்றையும்விட மேசை உயரம் முக்கியம். உயரமான சீஃப் தமக்கேற்ப வைத்த மேசையில் நீங்கள் தோளைத் தூக்கியே வேலை செய்வீர்கள். அரை மணியில் கை நடுங்கும். பெண்ணால் முடியவில்லை என்று பெயராகிவிடும். கருவியின் பிடி உங்கள் முழங்கை மட்டத்துக்கு வரும்வரை மேசையை இறக்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் பலகை போட்டு ஏறி நில்லுங்கள். நான் இன்றும் அப்படித்தான் நிற்கிறேன்.

குழந்தை பெற்றால் சீட் போய்விடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். போகாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகள் மகப்பேறு விடுப்பை அனுமதிக்கின்றன. பயிற்சிக் காலம்தான் நீளக்கூடும்.

ஆபரேஷன் பட்டியல் முந்தைய நாளே எழுதப்பட்டுவிடும். சீஃபை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.