இன்சுலின் ஊசி முதல் நானோ தங்கம் வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஊசியைப் பற்றியவை. அதனால் அதற்கே கூடுதல் இடம்.

அம்மா வீட்டிலேயே இன்சுலின் போடுகிறார். ஊசியைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போடுகிறோம். சரிதானே? (ஹட்டன் வாசகி)

இல்லை, இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஊசி கடதாசியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். லயத்துக் குப்பை மழையோடு கானில் இறங்கிக் கீழ்மலைக்குப் போய்விடும். அங்கே கான் வெட்டுகிறவரின் கையிலோ, செருப்பில்லாமல் ஓடும் பிள்ளையின் காலிலோ அது ஏறும்.

உடுப்புக் கழுவும் திரவம் வருகிற தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை ஒதுக்குங்கள். மெல்லிய தண்ணீர் போத்தல் தாங்காது. ஊசி போட்டதும் மூடியைத் திரும்ப மாட்டாமல் அப்படியே உள்ளே போடுங்கள். மாட்டும்போதுதான் பலர் விரலில் குத்திக்கொள்கிறார்கள். முக்கால்வாசி நிறைந்ததும் இறுக்கி மூடி, டேப் ஒட்டி, அம்மா கிளினிக் போகும்போது கொடுத்தனுப்புங்கள். ஆஸ்பத்திரிகளில் ஊசிக்கென்றே சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி இருக்கிறது. முதலில் தாதியிடம் கேளுங்கள். அங்கே எடுக்காவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) பேசுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

கானில் கிடந்த ஊசி மகனின் காலில் குத்திவிட்டது. எய்ட்ஸ் வருமா? (தலவாக்கலை)

அந்தப் பயம் புரிகிறது, ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி உள்ள புதிய இரத்தத்தோடு ஊசி குத்தினாலே 1000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். கிருமி வெளியில் கிடந்து காய்ந்தால் இன்னும் குறைவு. நான் அதிகம் கவலைப்படுவது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பற்றித்தான். தடுப்பூசி போடாதவருக்கு 100க்கு 30 வரை தொற்றலாம். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும்.

காயத்தை நசுக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) பற்றியும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் எரித்துவிட்டால் என்ன? (நானுஓயா)

அடுப்பு நெருப்பில் ஊசி உருகாது. சாம்பலோடு லீக்ஸ் பாத்திக்குப் போய், களை பிடுங்கும் கையில் குத்தும். சேலைன் குழாய் போன்ற பிவிசி பிளாஸ்டிக்கை எரித்தால் டயொக்சின் என்ற நச்சு வரும். மருத்துவக் கழிவை எரிக்கும் உலையில் வெப்பம் 850 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். கொல்லையில் அது நடக்காது.

பழைய காய்ச்சல்மானி உடைந்துவிட்டது. (பண்டாரவளை)

பிள்ளைகளை வெளியே அனுப்பி, குளிரைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதிலிருந்து சிந்திய பாதரசத்தின் ஆவிதான் ஆபத்து. விளக்குமாறு போட்டால் உருண்டைகள் இன்னும் சிதறும். டோர்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் அவை மின்னும். தடித்த அட்டையால் ஒன்றுசேர்த்து, கொஞ்சம் தண்ணீர் உள்ள போத்தலில் அடைத்து ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். கானில் மட்டும் ஊற்றாதீர்கள். அடுத்து வாங்குவது டிஜிட்டலாக இருக்கட்டும்.

கொரோனா தடுப்பூசியில் ‘நானோ சிப்’ வைத்தார்களா? (பதுளை)

இல்லை. இலங்கையில் அதிகம் போட்ட சினோபார்ம், செயலிழக்கச் செய்த வைரஸில் ஆனது. ஃபைசரிலும் மொடர்னாவிலும் இருந்தவை சுமார் 100 நனோமீற்றர் அளவுள்ள கொழுப்புத் துணிக்கைகள் (ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). உள்ளிருக்கும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மரபுச் செய்தி சிதையாமல் உயிரணுவுக்குள் போய்ச் சேரத்தான் அந்த உறை.

கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தங்கம் இருக்கிறதாமே? (மஸ்கெலியா வாசகி)

பல அட்டைகளில் இருக்கிறது! அந்தச் சிவப்புக் கோடே தங்கம்தான். தங்கத்தை நனோ அளவுக்குச் சிறிதாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகத் தெரியும். சிறுநீரில் கர்ப்ப ஹோர்மோன் இருந்தால் இந்தத் துணிக்கைகள் அதோடு ஒட்டி, பரிசோதனைக் கோட்டில் வந்து குவியும். அதனால் கோடு மங்கலாக விழுந்தாலும் கர்ப்பமாக இருக்கலாம். உறையில் சொன்ன நேரத்துக்குள் பாருங்கள், நேரம் கடந்து தெரியும் கோட்டை நம்பாதீர்கள். சந்தேகமென்றால் இரண்டு நாள் கழித்துக் காலையில் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.