முதன்முறையாகக் கூடாரத்தில் தங்கப்போகும் சாரணர்களுக்கு எவற்றை முதலில் கற்பிக்க வேண்டும்?

உங்கள் பள்ளிச் சாரணர் படையில் 11 முதல் 14 வயது வரையுள்ள 24 பிள்ளைகள் முதன்முறையாக இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கப்போகிறார்கள் என்றும், ஆறு வாரங்களே இருப்பதால் எந்தத் திறன்களிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகச் சாரண ஆசிரியராக இருந்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சோபான் எனப்படும் சாரணர் படிநிலைத் தேர்வுகளில் முடிச்சுகள் கேட்கப்படுவதால் பெரும்பாலான படைகளில் பயிற்சி கயிற்றிலிருந்தே தொடங்குகிறது. நான் அப்படித் தொடங்குவதில்லை. முடிச்சு தவறினால் அவிழ்த்து மீண்டும் போடலாம். ஆனால் இடத்தேர்விலும் உறக்கத்திலும் நெருப்பிலும் நேரும் தவற்றை நள்ளிரவில் திருத்த முடியாது என்பதால் இவற்றுக்கே முதல் மூன்று வாரங்களைத் தருகிறேன்.

இடத்தேர்வை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையின் வழியாகத்தான். என் முதல் முகாமில், மலையடிவார ஓடை ஒன்றின் கரையில் மணல் மெத்தைபோல் இருந்த சமதளத்தைக் கண்டு அங்கேயே கூடாரம் அடிக்கச் சொன்னேன். ஐப்பசி மாதம். எங்கள் தலைக்குமேல் ஒரு துளிகூடப் பெய்யவில்லை. மேலே மலையில் பெய்த மழை இரவு இரண்டு மணிக்கு முளைகளைத் தொட்டது. ஒருவருக்கும் காயமில்லை என்றாலும், நனைந்த போர்வைகளோடு பிள்ளைகள் விடியும்வரை மேட்டில் நின்றதை நான் மறக்கவில்லை. அன்றுமுதல் கூடாரப் பையைத் திறக்கும் முன்பே பிள்ளைகளை அந்த இடத்தைச் சுற்றி நடக்கவைக்கிறேன். புதர்களில் எந்த உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தால் வெள்ளம் எதுவரை வந்து போனது என்பது தெரிந்துவிடும். தென்னைக்கு அடியிலோ பட்டுப்போன கிளைக்கு அடியிலோ கூடாரம் கூடாது. இடி கேட்டால் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது என்பதால் பள்ளிக் கட்டடத்துக்கோ பேருந்துக்கோ சென்று, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே திரும்ப வேண்டும்.

அடுத்தது உறக்கம். நம் ஊரில் இதைப் பாம்பிலிருந்து பிரித்துப் பேச முடியாது. நாகம், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைவிடக் கட்டுவிரியனைப் பற்றியே நான் அதிகம் சொல்கிறேன், ஏனெனில் அது இரவில் நடமாடுவது. தரையில் உறங்குபவர்களைக் கடிப்பது. பல வேளைகளில் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. விடியற்காலையில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்றோ கண்ணிமையைத் தூக்க முடியவில்லை என்றோ சொன்னால், இரவுச் சாப்பாட்டின்மேல் பழிபோட்டுக் காத்திருக்காமல் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது ஆகிய மூன்றும் கூடாது. எலும்பு முறிவுக்குச் சிம்பு வைப்பதைப்போல அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது என்பதை முகாமுக்கு முன்பே நேரில் சென்று கேட்டுக்கொள்ளுங்கள். 108 வண்டி முகாம்வரை வருமா, சாலையில்தான் நிற்குமா என்பதும் தெரிந்திருக்கட்டும். பிள்ளைகள் செய்ய வேண்டியவை எளியவைதாம். கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் முழுவதும் செருக வேண்டும், காலணியைத் தட்டிய பிறகே அணிய வேண்டும், இருட்டில் விளக்கின்றி ஓரடியும் வைக்கக் கூடாது, சோற்றுப் பருக்கையைக் கூடாரத்துக்குள் விடக் கூடாது. பருக்கைக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

நெருப்பைப் பொறுத்தவரை, மூட்டுவதைவிட அணைப்பதற்கே மதிப்பெண் தருகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டில் கால்வைக்கவே கூடாது. மாசி முதல் கோடை முடியும்வரை புல்வெளிக்கு அருகில் விறகடுப்பும் வேண்டாம். பாதுகாப்பான திடலில், மண்ணைச் சுத்தமாகச் செதுக்கி மூன்று கல் வைத்து, பன்னாடையும் தேங்காய் நாரும் முதலில், பிறகு தீக்குச்சிப் பருமனுள்ள சுள்ளி, பிறகு விரல் பருமன் விறகு என்ற வரிசையில் மூட்டப் பழக்குங்கள். மடக்கினால் ‘படக்’கென்று ஒடியாத குச்சி ஈரமானது. பானையின் வெளிப்புறத்தில் களிமண் பூசினால் கரி எளிதில் போய்விடும் என்பதை வீட்டில் பாட்டி இருக்கும் பிள்ளைகளே மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். அணைக்கும்போது நீரூற்றிக் கிளறி, மீண்டும் நீரூற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுசென்று சூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே அணித்தலைவர் அந்த இடத்தைவிட்டு நகரலாம்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் தெளியவைத்து, வேட்டித்துணியை மடித்து வடிகட்டி, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்; ஆனால் கொதிக்கவைப்பது கிருமியைத்தான் கொல்லும், வயலிலிருந்து வடிந்த பூச்சிமருந்தை அன்று. கழிப்பிடம் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கட்டும், திரும்பும் வழியில் சோப்பும் நீரும் தொங்கட்டும். சாரணியரும் வருவதாக இருந்தால் அவர்களுக்கான மறைவிடத்தையும் மாதவிடாய்த் தேவைகளையும் ஆசிரியை ஒருவர் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

முடிச்சுகளில் ஐந்து போதும். ரீஃப் முடிச்சைக் காயத்துக்குக் கட்டுப்போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கும் இரு கயிறுகளை அதனால் இணைத்தால் அது நழுவும். அதற்கு ஷீட் பெண்ட் இருக்கிறது. மீனவர் வலை பின்னும் முடிச்சும் நெசவாளர் அறுந்த இழையைச் சேர்க்கும் முடிச்சும் அமைப்பில் இதுவே. இதைச் சொன்னதும், கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருவன் எனக்கே வேகமாகப் போட்டுக்காட்டினான். இறுகாத வளையத்துக்கு பௌலைன், கழிகளைப் பிணைக்கத் தொடங்கவும் முடிக்கவும் க்ளோவ் ஹிட்ச், கூடாரக் கயிற்றை மரத்தில் கட்ட ஒரு முழுச் சுற்றும் இரண்டு அரை ஹிட்சும். இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழக்குங்கள், ஏனெனில் தேவைப்படும் நேரம் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும்.

இவையனைத்தையும் 24 பேருக்கும் ஒன்றாக நின்று பாடம்போல நடத்த வேண்டாம். 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து முகாம் நடத்தியபோதே, வசதியான பள்ளிகளில் படித்தவர்களையும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளையும் கலந்து, ஓநாய், காளை, கர்லூ என்ற நீர்ப்பறவை, அண்டங்காக்கை ஆகியவற்றின் பெயரில் நான்கு அணிகளாகப் பிரித்து, பொறுப்பை அணித்தலைவர்களிடமே கொடுத்தார். நீங்களும் ஆறு பேர் கொண்ட நான்கு அணிகளாகப் பிரியுங்கள். சோறு குழைந்தாலும் அந்த அணியே சமைக்கட்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தில்லாத தவற்றில் நாம் குறுக்கிடாமல் இருப்பதுதான் ஆசிரியருக்கு மிகக் கடினமான பயிற்சி.

ஐந்தாவது வாரச் சனிக்கிழமை இரவு பள்ளி மைதானத்திலேயே எல்லோரையும் கூடாரத்தில் தங்கவையுங்கள். வீட்டைவிட்டு ஒருநாளும் வெளியே உறங்காத பிள்ளை யார், இருட்டில் தனியே கழிப்பறைக்குப் போக அஞ்சிச் சொல்லாமல் அடக்கிக்கொள்பவர் யார் என்பதெல்லாம் அன்றுதான் தெரியும். அவர்களுக்கு அதே அணியில் ஒரு துணையைச் சேர்த்துவிட்டு, இரவில் எழுந்தால் துணையை எழுப்பலாம், துணை சலித்துக்கொள்ளக் கூடாது என்று இருவரிடமும் ஒன்றாகச் சொல்லிவிடுங்கள்.